மருமகளின் மிஷினும் மோசஸின் கழுத்தும்

குன்னூர்,
கார்த்திகை மாதக் கடைசி.

மதிப்பிற்குரிய சம்பந்தி திரு. ஏகநாதன் அவர்கள் சமூகத்திற்கு, இராஜமாணிக்கம் பணிவுடன் எழுதிக்கொள்வது. கோத்தகிரியில் தாங்களும் சம்பந்தியம்மா தனபாக்கியம் அவர்களும் இந்தக் குளிருக்கு ஒரு குறையும் இல்லாமல் சௌக்கியமாக இருக்கவும், தங்கள் தோட்டத்துப் பச்சைத் தேயிலைக்கு இந்த மாதமாவது ஃபேக்டரிக்காரர்கள் மனம் இரங்கி விலையைக் கூட்டவும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே உடம்பளவில் நாங்கள் சௌக்கியம். உடம்பு தவிர்த்த மற்றதைப் பற்றி எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் தபால் தலைக்கு எச்சில் தடவுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். பேசத்தான் பார்த்தேன். வேணி அங்கே வந்த மறுநாளிலிருந்து காலையிலும் அடிக்கிறேன், சாயங்காலமும் அடிக்கிறேன். மணி அடித்து அடித்துத் தானே ஓய்ந்துபோகிறது. தங்கள் கோபம் நியாயமானது. என் மகளை ஒரு வீட்டில் கொடுத்து, அங்கே அவளுடைய மாமனார் இப்படி ஒரு காரியம் செய்திருந்தால், நான் போனை எடுக்காததோடு நின்றிருக்க மாட்டேன். முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கித் தெருவே கேட்க நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தாங்கள் வராதது தங்கள் பெருந்தன்மை. வேணி தன் வாயால் யாரையும் குறை சொல்லுகிற பெண் அல்ல. ஆகவே தாங்கள் கேள்விப்பட்டது ஊர் வாயாலாகத்தான் இருக்கும், அதில் பாதி பொய்யாக இருக்கும். முழுவதையும் நானே சொல்லிவிடுகிறேன். முழுவதும் கேட்டால் அந்தப் பாதியே தேவலை என்று தோன்றும், இருந்தாலும் சொல்கிறேன்.

வேணி வெளிநாட்டில் கைரோபிராக்டிக் படித்து வந்து, இங்கே குன்னூர் பெட்ஃபோர்டில் பேக்கரிக்கு மாடியில் கிளினிக் வைத்தபோது ரிப்பன் வெட்டியது தாங்கள், தேங்காய் உடைத்தது நான். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே சரிசெய்கிற வைத்தியம் என்று அழைப்பிதழில் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் நானே விளக்கமும் சொன்னேன். தேங்காய் உடைத்த உரிமையில் மறுநாளே போய், டோக்கன் கொடுக்க ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டு வாசல் பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். அவள் என்னைக் கூப்பிடவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை. அங்கேதான் அந்த மிஷினை முதலில் பார்த்தேன். தலைமுடி உலர்த்துகிற கருவி மாதிரி ஒரு பிடி, முனையில் ஒரு ரப்பர் உருண்டை. சுவிட்சைத் தட்டினால் அந்த உருண்டை முன்னும் பின்னுமாக, கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் குத்திக்கொண்டே இருக்கும். இறுகிப்போன தசையை இளக்குவதற்கு அது. வேணி முதலில் ஆளை நடக்கச் சொல்லிப் பார்ப்பாளாம், குனியச் சொல்லிப் பார்ப்பாளாம், படுக்கவைத்து விரலால் தடவித் தடவித் தேடுவாளாம். பிறகு கொஞ்ச நேரம் மிஷின். பிறகு கையால் ஒரு அழுத்து. இதெல்லாம் திரைக்கு உள்ளே நடப்பது. திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது மிஷின் சத்தம் மட்டும்தான். சத்தம் நிற்கும், சற்று நேரத்தில் நோயாளி தோளைச் சுழற்றிக்கொண்டே சிரித்த முகமாக வெளியே வருவார். ஆகவே வேலை செய்வது மிஷின்தான், மற்றதெல்லாம் படித்த படிப்புக்குக் காட்டுகிற மரியாதை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

நான் வெலிங்டனில் ஸ்டோர்ஸில் இருந்து ரிட்டயரானவன் என்பது தாங்கள் அறிந்ததே. ஸ்பேனர், ட்ரில்லிங் மிஷின், ரம்பம் எல்லாம் காலையில் என் ஜன்னல் வழியாக வெளியே போகும், சாயங்காலம் என் ஜன்னல் வழியாகவே உள்ளே வரும். சர்வீஸ் முழுக்க அடுத்தவர் கையில் கருவியை எடுத்துக் கொடுத்தேனே ஒழிய, நானாக ஒரு திருகாணியை முடுக்கியது கிடையாது. ஸ்டோர்ஸ்காரன் கருவியைத் தொட்டு வேலை செய்யக் கூடாது, துடைத்து வைக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே நாலு பேர் எனக்காகக் காத்து நின்றார்கள். ரிட்டயரானபின் அந்த ஜன்னல் போயிற்று. நீ எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று வீட்டிலேகூட யாரும் கேட்பதில்லை. யாராவது என்னிடம் ஏதாவது கேட்டு வர மாட்டார்களா என்று எனக்கு ஏக்கமாகவே இருந்தது, சம்பந்தி. இதை என் மனைவி கிருஷ்ணம்மாளிடம்கூட நான் சொன்னதில்லை, தங்களிடம் சொல்கிறேன்.

இந்த நிலையில் ஐப்பசி மழை வந்தது. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீட்டில் பெல்ட், செருப்பு, கல்யாண ஆல்பம் எல்லாவற்றிலும் பூசணம் பூத்துவிடும். கிளினிக்கில் இருப்பது போக, பழைய மிஷின் ஒன்றை, சத்தம் கூடிப்போய்விட்டது என்று துணியைச் சுற்றி பீரோவில் வைத்திருந்தாள் வேணி. அதற்கும் பூசணம் பிடிக்குமே என்ற நல்லெண்ணத்தில்தான் எடுத்தேன். துடைத்தேன். துடைத்ததோடு வைத்திருக்கலாம். வேலை செய்கிறதா என்று பார்க்க என் ஆடுசதையில் வைத்தேன், சுகமாக இருந்தது. கிருஷ்ணம்மாளைக் கூப்பிட்டேன், தன் முதுகு இருக்கிறபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். இலவம்பஞ்சுத் தலையணை ஒன்று கட்டிபட்டுக் கிடந்தது, அதன் மேல் வைத்துப் பார்த்தேன். கட்டி இளகியது, தையலும் விட்டது. முன்னறை முழுக்கப் பஞ்சு பறந்து, கிருஷ்ணம்மாள் துடைப்பத்தோடு வந்து நின்ற அந்த நிமிஷத்திலாவது அதை மறுபடி துணியில் சுற்றியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மாரிச்சாமி, மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிறவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் போனார். கொண்டை ஊசி வளைவுகளில் கம்பியில் சாய்ந்து சாய்ந்தே அவருக்கு இடுப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. உள்ளே வாங்க என்று நான்தான் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் வைத்தேன். எழுந்து நிமிர்ந்து நின்று, இத்தனை நாளாக இதை ஏன் ஒளித்துவைத்தீர்கள் என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். கண்டக்டர் காதில் விழுந்த செய்தி ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்குகிற செய்தி. அந்த வாரக் கடைசிக்குள் என் முன்னறையில் உட்கார நாற்காலி போதவில்லை.

இங்கேதான் ஒரு விஷயத்தைத் தாங்கள் கவனிக்க வேண்டும், தப்பின் வேர் இதில்தான் இருக்கிறது. நம் ஊரில் மனிதர் வாசற்படி இறங்கினால் பனியன், சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளர். வேணியின் கிளினிக்கில் ஹீட்டரும் இருக்கிறது, மறைப்புத் திரையும் இருக்கிறது, கழற்றிவைப்பார்கள். என் முன்னறையில் கழற்றச் சொல்ல எனக்குக் கூச்சம், கழற்ற அவர்களுக்குக் குளிர். ஆகவே கோட்டுக்கு மேலேயே மிஷினை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லையே என்பார்கள். வேகத்தைக் கூட்டுவேன். இப்போதும் தெரியவில்லையே என்பார்கள். இன்னும் கூட்டுவேன். போகப் போக அந்த மிஷினில் இருந்த கடைசி வேகம்தான் எனக்கு முதல் வேகமாகிவிட்டது. மற்ற வேகங்கள் எதற்கு வைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. அத்தனை கம்பளியையும் தாண்டி உடம்புக்குப் போய்ச் சேர்ந்தது இதமாகத்தான் இருந்தது. எல்லோரும் வாழ்த்திவிட்டுப் போனார்கள். பாதி வைத்தியத்தை ஸ்வெட்டர் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை.

காசு வாங்கவில்லை, அதை நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன். கேரட் வந்தது, முட்டைக்கோஸ் வந்தது, ஒருத்தர் வர்க்கி பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தார், நல்ல தேயிலைத்தூள் கொஞ்சம் வந்தது. அதைவிடப் பெரியது ஒன்று வந்தது. கடைவீதியில் என்னை நிறுத்தி, ஐயா, இடது காலைத் தூக்கினால் வலிக்கிறதே, என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். நானும் வேணியின் வாயில் கேட்டிருந்த வார்த்தைகளை எடுத்துவிட்டேன். தசை இறுக்கம் என்றேன், மூட்டு மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன், ஒருவரிடம் தங்கள் முதுகு ஐந்து டிகிரி சாய்ந்திருக்கிறது என்றுகூடச் சொல்லிவிட்டேன். எங்கிருந்து அந்த ஐந்து வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. கிளினிக்கில் டோக்கன் கொடுக்கப் போவதையும் விட்டுவிட்டேன், எனக்கு வீட்டில் கூட்டம். எனக்குக் கூட்டம் என்றால் யாருக்கு ஆள் இல்லாமல் போகும் என்று யோசிக்க, இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டவனுக்குத் தெரியாதா? தெரிந்தது. கிருஷ்ணம்மாளும் சொன்னாள். நான் அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் வேணி கிளினிக்கிலிருந்து நேரத்தோடே வந்துவிட்டாள். பையை வைத்துவிட்டு என் முன்னால் நின்று, "மாமா, ஒரு வாரமா பெஞ்சு காலியாவே கெடக்குதுங்க. என் வைத்தியத்தைப் பத்தி யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பயத்தை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "மழைதானம்மா, மழையில யாரு ஊட்டை விட்டு வருவாங்க?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். கிருஷ்ணம்மாள் காயப்போட்ட போர்வைகள் கொடியில் மொறமொறவென்று கிடந்தன. பிறகு அவள் முகம் கழுவப் போய்விட்டாள். சம்பந்தி, அடுத்து எழுதப்போகிற மோசஸின் கழுத்தை எழுத எனக்கு இவ்வளவு கூச்சமில்லை. இந்த மழையை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

மோசஸ் எங்கள் தெரு முனையில் இருக்கிறார். சர்ச் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான், அவர் இல்லாவிட்டால் குழு பறந்துபோய்விடும் என்பார்கள். தோள்பட்டை வலிக்கு வேணியிடம்தான் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எலும்பு கொஞ்சம் மெலிவு என்பதால் கழுத்துப் பக்கம் மிஷினே கூடாது என்று சொல்லி, வீட்டில் செய்ய ஏதோ பயிற்சி கொடுத்திருந்தாள். பயிற்சி செய்யச் சோம்பல்பட்டு அவர் என்னிடம் வந்தார். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கப்போகிறது, அதற்குள் தோள் இறங்க வேண்டும் என்றார். கழுத்துப் பக்கம் கூடாது என்று வேணி சொன்னதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. அன்று வெயில் நன்றாக இருந்ததால் கோட்டு இல்லை, ஸ்வெட்டர் இல்லை, மப்ளர் இல்லை, மெல்லிய சட்டை ஒன்றோடு வந்து உட்கார்ந்தார். நான் வழக்கம்போல என் முதல் வேகத்தை, அதாவது மிஷினின் கடைசி வேகத்தை, கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் வைத்தேன். வைத்த கணத்தில் மோசஸ் ஒரு சுரம் எடுத்தார். சுகத்தில் பாடுகிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அடிக்குரல்காரரான அவர் அதற்கு முன் போயிருக்காத உச்சிக்கெல்லாம் அந்தச் சுரம் போனது. பயந்துபோய் நான் மிஷினை எடுத்தபோது அவர் கழுத்து இடது பக்கம் திரும்பியிருந்தது. அதற்கப்புறம் அது நேராக வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நடந்ததை மாரிச்சாமிதான் பஸ்ஸில் கேட்டு வந்து சொன்னார். அங்கே ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். பிரசங்கம் தொடங்கி முடிகிறவரை மோசஸ் பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதலில் ஒரு அம்மா இடம் மாறி உட்கார்ந்தார்களாம், பிறகு அந்த வரிசையே மாறியதாம். எழுந்து நின்று பாடும்போதும் போதகருக்கு அவர் காதுதான் தெரிந்ததாம். அவர் மனைவி தபித்தாள் அம்மாள் அன்று யாரோடும் பேசாமல் வீட்டுக்கு நடந்தார்கள், மறுநாள் காலையில் நேரே கிளினிக்குக்கு வந்தார்கள். நான் அப்போது டிபன் கேரியரைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். பெஞ்சில் அதிசயமாக ஆட்கள் வேறு இருந்தார்கள். தபித்தாள் அம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "டாக்டரம்மா, எங்கூட்டுக்காரர் கழுத்தை உங்க மாமனார் திருப்பி வெச்சுட்டாரு. இது டாக்டரம்மாவோட மிஷின்தான்னு சொல்லிச் சொல்லித்தான் வெச்சாராம். இதுக்குத்தான் கடல் தாண்டிப் போய்ப் படிச்சீங்களா?" என்று கேட்டார்கள்.

நான் கேரியரைப் பிடித்தபடி நின்றேன். இது என் தப்பு, இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டிய நேரத்தில் கேரியரின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். வேணிக்கு அந்த நிமிஷத்தில்தான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்; காலி பெஞ்சு, முட்டைக்கோஸ், மழை எல்லாம். அவள் என்னைக் கை காட்டவில்லை. "எங்க ஊட்டு மிஷின்தானுங்க. தப்பு எங்களுதுதான். அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, நான் பார்க்கறேன்" என்றாள். எங்களுது என்று சொன்னாள், சம்பந்தி. என் பக்கம் ஒரு முறை முறைத்திருந்தால்கூட எனக்குப் பாரம் பாதி இறங்கியிருக்கும். திரும்பியே பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் டோக்கனை வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் படி இறங்கினார்கள்.

மோசஸை அவள் மிஷினைத் தொடாமல், வெந்நீர் ஒத்தடத்தையும் தன் விரல்களையும் வைத்தே கொஞ்சம் கொஞ்சமாக நேருக்குக் கொண்டுவந்தாள். பீஸ் வாங்கவில்லை. அவர் இரண்டு பக்கமும் தாராளமாகத் திரும்பிய அன்று கிளினிக்கைப் பூட்டினாள், இரண்டு மிஷினையும் பையில் போட்டுக்கொண்டாள், கிருஷ்ணம்மாளிடம் மட்டும் அடுக்களையில் ஏதோ சொல்லிவிட்டுக் கோத்தகிரி பஸ் ஏறிவிட்டாள். என்னிடம் வரேனுங்க மாமா என்றதோடு சரி. அன்றிலிருந்து கிருஷ்ணம்மாள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை. குழம்பில் உப்பு போதவில்லை என்று நான் முகம் சுளித்தால் உப்பு ஜாடி மட்டும் என் முன்னால் வந்து உட்காரும். தங்கள் மாப்பிள்ளை பாலசுப்பிரமணியத்துக்குக் கிளென்மார்கனில் மின்நிலைய வேலை, ஞாயிறு தோறும் வருவான். இந்த ஞாயிறு வரவில்லை. போன் செய்தால் நல்லா இருக்கேங்கப்பா என்கிறான், அதற்குமேல் அவனும் சொல்வதில்லை, கேட்க எனக்கும் முகமில்லை.

சும்மா இருக்கவில்லை நான். என் மிஷினுக்கு முதுகைக் காட்டிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய், நான் செய்தது வைத்தியமே அல்ல, தெரியாதவன் கையில் அது ஆபத்து, வேணி திரும்பி வந்ததும் அவளிடம் காட்டுங்கள் என்று சொல்லி வருகிறேன். எல்லோரும் உட்காரவைத்து, டீ கொடுத்து, தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, அடுத்த தடவை வரும்போது மிஷினையும் கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள். மோசஸிடமும் போனேன். அவருக்கு என்மேல் வருத்தமில்லையாம். பெண்கள் பக்கம் பிரசங்கத்தின்போது யார் யார் தூங்குகிறார்கள் என்பதை இப்படி ஆகாமல் தெரிந்துகொண்டிருக்க முடியாது என்றார். தபித்தாள் அம்மாள் வாசலில் நின்றபடி, "அந்தப் பிள்ளை கை வெச்சாத்தான் குணமாகுது. அதை எப்போ கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்கள். தினமும் ஒரு தரம் பேக்கரிப் பக்கம் போகிறேன். யாராவது மாடி ஏறிப் பூட்டைப் பார்த்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து வலியோடு இறங்கி வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிற நிலையில் கேட்கிறேன். வேணியை அனுப்பிவையுங்கள். எனக்காக வேண்டாம், என்மேல் இருக்கிற கோபத்தை அவள் கையோடு கொண்டுவரட்டும், என் வீட்டில் அதற்கு இடம் உண்டு. அவள் அத்தனை வருஷம் குளிரிலும் பனியிலும் தனியாக இருந்து படித்த படிப்பை ஒரு கிழவனின் பொழுதுபோக்கு பூட்டுப்போட்டுவிட்டது என்று ஆகக் கூடாது. நான் இனி எந்த மிஷினையும் தொடுவதில்லை. மிக்ஸியைக்கூடக் கிருஷ்ணம்மாள்தான் போடுகிறாள். கிளினிக் வாசலில் என் நாற்காலி வேண்டாம் என்றால் நானே தூக்கிவந்துவிடுகிறேன். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு சின்னப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்க்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை.

தங்கள் தோட்டத்துக் கொழுந்தைப் பனி தீண்டாமலும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் விழுந்த இந்த மனக்கசப்பு வேர்விடாமலும் இருக்க நாம் கும்பிடுகிற தெய்வம் துணை நிற்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். வேணிக்கு என் ஆசீர்வாதம், அவள் வாங்கிக்கொள்வதாக இருந்தால்.

தங்கள் முகத்தில் விழிக்கக் கூசும்,
இராஜமாணிக்கம்.

பி.கு: உறையை ஒட்டி, தபால் தலையும் ஒட்டியாகிவிட்டது; ஓரமாகப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். வேணி இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நான் எழுந்து நின்று, மேலே எழுதியதையெல்லாம் வாயால் சொல்லத் தொடங்கினேன். அவள் கோபித்துக்கொண்டு போகவே இல்லையாம். தாங்கள் ஆன்லைனில் அதே மாதிரி மிஷின் ஒன்றை வரவழைத்து, சம்பந்தியம்மா தடுக்கத் தடுக்கக் கேளாமல், தாங்களே தங்கள் பிடரியில் வைத்துக்கொண்டு, கழுத்தும் தோளும் பிடித்துப்போய்ப் போனைக் காதுக்குக் கொண்டுபோக முடியாமல் கிடந்தீர்களாமே. யாரிடமும், குறிப்பாக என்னிடம், மூச்சுவிடக் கூடாது என்று சத்தியமும் வாங்கினீர்களாம். ஆகவே மேலே நான் கேட்டிருக்கிற மன்னிப்பில் பாதியை மறு தபாலில் திருப்பி அனுப்பிவைக்கக் கோருகிறேன். கிருஷ்ணம்மாளுக்கு இதெல்லாம் முதல் நாளே தெரியுமாம். என்னோடு பேசாததால் சொல்லவில்லையாம். பாலசுப்பிரமணியம் ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில்தான் இருந்தானாம், நான் கேட்கவில்லையாம். மனசு லேசாகி, அப்படியென்றால் உனக்கு என்மேல் கோபமே இல்லையாம்மா என்று வேணியிடம் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கோவமில்லைன்னு நான் எப்போங்க சொன்னேன்? மொதல்ல மோசஸ் அண்ணன் கழுத்து, அப்புறம் அப்பா கழுத்து. கோவப்பட எனக்கு நேரமே கெடைக்கலைங்க மாமா" என்றாள். தங்கள் கழுத்து நேற்றோடு சரியாகிவிட்டது என்றும் சொன்னாள். இப்போது முகம் கழுவி, கிருஷ்ணம்மாள் கொடுத்த காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, என் எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கு அவளுக்கு நேரம் இருக்கிறது.